வீட்டில் ஐந்தெழுத்து ஜபம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தினமும் காலையில் 108 முறை ‘நமசிவாய’ சொல்கிறேன். ஜபமாலையில் பத்து மணி நகர்வதற்குள் மனசு கரண்ட் பில், பிள்ளையின் ஃபீஸ் என்று போய்விடுகிறது. மாலை முடிந்த பிறகுதான் தெரிகிறது. இப்படிச் சொல்வதில் பலன் உண்டா?

முதலில் நேரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிஷத்தில் மாலை முடிகிறது என்றால் ஐந்து எழுத்தும் முழுசாக வரவில்லை. ‘நம்சிவா’ என்று தேய்ந்திருக்கும். ஒரு முறைக்கு மூன்று விநாடி கொடுத்தால் 108க்கு ஐந்தரை நிமிஷம் ஆகும். அதுதான் பழகுகிறவருக்கு ஏற்ற வேகம்.

அடுத்தது, எடுத்த எடுப்பில் மனசுக்குள் சொல்லாதீர்கள். ஜபம் மூன்று வகை. காதில் விழும்படி சொல்வது வாசிகம். உதடு மட்டும் அசைந்து பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் சொல்வது உபாம்சு. உதடும் அசையாதது மானசம். விதிப்படி செய்யும் வேள்வியைவிட ஜபம் பத்து மடங்கு, உபாம்சு நூறு மடங்கு, மானசம் ஆயிரம் மடங்கு மேல் என்கிறது மனு ஸ்மிருதி. அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் பலர் நேரே மானசத்துக்குத் தாவுகிறார்கள். நாக்குக்கும் காதுக்கும் வேலை இல்லாதபோது, பழகாத மனசு ஓடத்தான் செய்யும். முதல் 27 மணி வாய்விட்டு, அடுத்த 54 உபாம்சு, கடைசி 27 மானசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சிதறினால் ஒரு படி இறங்கி மறுபடி ஏறுங்கள்.

அலைந்தது தெரிந்த கணத்தில் விரல் எந்த மணியில் இருக்கிறதோ அங்கேயே நிறுத்தி, அடுத்த நாமத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டாம், உங்களையே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கங்கேயிருந்து மீட்டுக் கொண்டுவா என்றுதான் கீதை ஆறாம் அத்தியாயம் சொல்கிறது. ஒரு மாலையில் நாற்பது முறை ஓடி நாற்பது முறை திரும்பியிருந்தால், நாற்பது முறை பயிற்சி நடந்திருக்கிறது.

கேள்வி: ஜபம் ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. முன்பு இல்லாத கோபமும், மறந்துபோன பழைய சண்டைகளும் உட்கார்ந்ததும் வருகின்றன. தப்பாக ஏதாவது செய்கிறேனா?

இல்லை அம்மா. பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்க்கும்போது முதலில் கறுப்புத் தண்ணீர்தான் வழியும். புளி அந்தக் கறுப்பைக் கொண்டுவரவில்லை, செம்பில் ஏற்கெனவே ஒட்டியிருந்தது கழன்று வருகிறது. வேதாந்த நூல்கள் சாதனைக்கு நான்கு தடைகள் சொல்கின்றன: லயம் என்ற தூக்கம், விக்ஷேபம் என்ற சிதறல், கஷாயம் என்ற பழைய கறை, ரசாஸ்வாதம் என்ற ருசி. உங்களுக்கு வந்திருப்பது மூன்றாவது.

அந்த நினைவோடு வாதாடாதீர்கள், கதையை நீட்டாதீர்கள். ‘இது பழைய கோபம்’ என்று ஒரே வார்த்தையில் பெயர் சொல்லிவிட்டு நாமத்துக்கு வாருங்கள். மீதி வேலை எழுந்த பிறகுதான். சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் இரக்கம், நல்லது செய்பவரைக் கண்டு மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் ஒதுங்கியிருத்தல் ஆகிய நான்கால் மனம் தெளியும் என்கிறது பதஞ்சலி யோக சூத்திரம். பகலெல்லாம் பக்கத்து வீட்டாரைக் கரித்துக்கொட்டிவிட்டு மாலை எடுத்தால், காலையில் கழுவியது ராத்திரிக்குள் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பயமோ தூக்கமின்மையோ வாரக்கணக்கில் தொடர்ந்தால் மௌன ஜபத்தை நிறுத்தி, பதிகம் பாடுவதோடு இருங்கள். டாக்டரையும் பாருங்கள்.

கேள்வி: உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது.

சாப்பிட்ட உடனே உட்காராதீர்கள், இரண்டரை மணி நேரம் போகட்டும். கண்ணை மூடாமல் விளக்கின் சுடரைப் பாருங்கள். அப்படியும் தலை சாய்ந்தால் எழுந்து நின்று திருவாசகத்தில் வரும் சிவபுராணத்தின் 95 அடியையும் உரக்கச் சொல்லிவிட்டு மாலைக்கு வாருங்கள்.

கேள்வி: ருத்ராட்ச மாலை உருட்டும் முறை என்ன? மாலை இல்லாதபோது?

மாலையை வலக்கை நடுவிரலில் தொங்கவிட்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாக உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். ஆள்காட்டி விரல் படக்கூடாது. 108 முடிந்து, மாலையின் முனையில் தனியாக இருக்கும் மேரு மணி வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பி, வந்த வழியே போகவேண்டும். வியர்வையில் நூல் இற்றுவிடும். தளர்ந்தால் உடனே வேறு நூலில் கோத்து, ஒவ்வொரு மணிக்கும் இடையில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள்.

மாலை இல்லையென்றால் விரல் கணுக்கள் போதும். மோதிர விரலின் நடுக்கணுவில் தொடங்கி அதன் அடி, சுண்டுவிரலின் அடி, நடு, நுனி, பிறகு மோதிர விரல் நுனி, நடுவிரல் நுனி, ஆள்காட்டி விரலின் நுனி, நடு, அடி. பத்து ஆயிற்று. நடுவிரலின் மற்ற இரண்டு கணுக்களும் மேரு, தொடுவதில்லை.

கேள்வி: தீட்சை இல்லாமல் சொல்லலாமா? லட்சக் கணக்கில் செய்ய வேண்டும் என்கிறார்களே?

‘நமசிவாய’ எல்லோருக்கும் பொது. ‘காதலாகிக் கசிந்து’ என்ற நமசிவாயப் பதிகத்தைச் சம்பந்தர் நல்லூர்ப் பெருமணத்தில் தம் திருமணத்துக்கு வந்திருந்த அத்தனை பேருக்காகவும் பாடினார் என்கிறது பெரியபுராணம். ‘சிவாயநம’ என்ற சூக்கும (நுண்ணிய) பஞ்சாட்சரத்தைக் குருவிடம் கேட்டுப் பெறுவதே முறை.

எழுத்துக்கு ஒரு லட்சம் வீதம் ஐந்து லட்சம் என்பது புரச்சரணக் கணக்கு, அதாவது ஒரு மந்திரத்தை விதித்த எண்ணிக்கை வரை சொல்லி முடிக்கும் சாதனையின் கணக்கு. ஒரு மாலையை 100 என்றே எண்ணுவார்கள், மீதி எட்டு தவறிப்போனவற்றுக்கு ஈடு. நாளுக்குப் பத்து மாலை என்றால் 500 நாள், தினமும் 55 நிமிஷம். குரு சொல்லாமல் இதில் இறங்க வேண்டாம். எண்ணிக்கைக்குப் பின்னால் ஓடினால் வேகம் கூடி எழுத்து தேயும்.

கேள்வி: சில நாள் கண்ணீர் வருகிறது, உடம்பு சிலிர்க்கிறது. மனம் தூய்மையாகிவிட்டதா?

நல்ல அனுபவம், வரட்டும். ஆனால் மறுநாளும் அதைத் தேடி உட்கார்ந்தால் அது நான்காவது தடையான ருசி. மனம் தூய்மையானதா என்பதை வேறு இடத்தில் பாருங்கள் தம்பி. யாராவது முகத்துக்கு நேரே கடிந்து பேசிய பின், அந்தச் சூடு முன்பு இரண்டு நாள் இருந்தது. இப்போது எவ்வளவு நேரம் இருக்கிறது? கூட வேலை செய்கிறவருக்குப் பதவி உயர்வு என்று கேட்டதும் முதலில் எழுவது என்ன?

கேள்வி: வெளியூர் போனால் விட்டுப்போகிறது. அடுத்த நாள் சேர்த்துச் செய்யலாமா?

சேர்த்துச் செய்யாதீர்கள், அது கடன் அடைப்பதுபோல் ஆகிவிடும். பஸ்ஸிலோ ரயிலிலோ, விரல் கணுவில் பத்து முறை சொன்னால் அன்றைக்குப் போதும். ஊர் திரும்பியதும் வழக்கமான ஒரு மாலை.