உங்கள் அம்மாவின் பொட்டாசியம் 2.6, குறைவு; கிட்னி வடிகட்டுவதைக் காட்டுகிற கிரியேட்டினின் சரி. அப்படியானால் கிட்னியில் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டாம். வயிற்றோட்டம், வாந்தி இல்லை, பிரஷருக்குத் தண்ணி போகிற குளிசையும் குடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பொட்டாசியம் சிறுநீரில்தான் போகிறதா என்று யாராவது பார்த்தே ஆக வேண்டும்.

நான் டொக்டர் இல்லை, ஹட்டனில் சின்னக் கடை வைத்திருப்பவன். ‘கூகுள் டொக்டர்’ என்று கீழே எழுத வருபவர்கள் எழுதட்டும். என் அம்மாவின் ரிப்போர்ட் எல்லாம் அலுமாரியில் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். ஒருநாள் விடிய நாலரைக்கு அடுப்பு மூட்ட எழும்பப் பார்த்தார், முடியவில்லை. பேச்சு தெளிவு, புத்தி தெளிவு, கால் மட்டும் கேட்கவில்லை. “தம்பி, என் காலைத் தூக்கிக் கீழே வையேன்” என்றார். வைத்தேன். வைத்த இடத்திலேயே கிடந்தது.

தோட்டத்து லொறியில் கொண்டுபோனோம். பொட்டாசியம் 1.9. மருந்து ஏற்றினார்கள், இரண்டு நாளில் நடந்து வந்துவிட்டார். கிரியேட்டினின் 0.9, கிட்னி நல்லது, வாழைப்பழமும் இளநீரும் கொடுங்கள் என்றார்கள். (மலையில் இளநீர் என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியாது போல.) ஏழு மாதத்தில் மூன்று தடவை இதே கதை. மூன்றாம் தடவை, மனதில் ஏதும் கவலையா என்று கேட்டார்கள்.

நாலாம் தடவை வேறு ஆஸ்பத்திரி. இளம் டொக்டர் ஒருவர் பழைய ரிப்போர்ட்டுகளைக் கட்டிலில் வரிசையாக விரித்தார். இரத்தத்தில் அமிலத்தை அடக்கி வைக்கிற பைகாபனேட்டை அதுவரை யாரும் பார்க்கவில்லை. பார்த்தால் 13, மிகக் குறைவு. சோடியம் 138, குளோரைட் 115. 138இல் மற்ற இரண்டையும் கழித்தால் 10, அது வழமையான அளவுதான். அதாவது உடம்பில் வேறு அமிலம் வந்து சேரவில்லை, பைகாபனேட் போன இடத்தைக் குளோரைட் பிடித்திருக்கிறது. இரத்தம் இவ்வளவு புளித்திருக்கும்போது கிட்னி அமிலத்தை வெளியே தள்ள வேண்டும், சிறுநீரின் பி.எச். (புளிப்புக் கூடக் கூட இறங்குகிற அளவு) 5.5க்குக் கீழே இறங்க வேண்டும். அம்மாவுக்கு 7. சிறுநீரில் நனைத்துப் பார்த்த பட்டியை எனக்கும் காட்டினார், பச்சையாக இருந்தது.

கிரியேட்டினின் சொல்வது வடிகட்டியைப் பற்றி. வடிகட்டியதில் எதைத் திரும்ப எடுப்பது, எதை வெளியே விடுவது என்று பார்ப்பவை அதற்குப் பின்னால் இருக்கிற நுண்குழாய்கள். அம்மாவுக்குக் கெட்டிருந்தது அவைதான், அதனால் அமிலம் உள்ளே தங்கியது, பொட்டாசியம் சிறுநீரில் போனது. டிஸ்டல் ரீனல் டியூபியூலர் அசிடோசிஸ் என்று எழுதித் தந்தார். ஸ்கேனில் இரண்டு கிட்னியிலும் சுண்ணாம்புப் பொடி போலத் தெரிந்தது.

அப்புறம் திடீரென்று, “ரொட்டியைத் தேத்தண்ணி இல்லாமல் விழுங்குவீங்களா?” என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டார். பல வருசமாக நனைத்துத்தான் சாப்பிடுகிறார். பல்லெல்லாம் சொத்தை, நாங்கள் வெற்றிலையைத் திட்டிக்கொண்டிருந்தோம். உமிழ்நீரையும் கண்ணீரையும் வற்ற வைக்கிற ஷோகிரன் நோய் இருந்திருக்கிறது, அதுதான் குழாய்களையும் கெடுத்தது.

உங்கள் அம்மாவுக்கும் இதேதான் என்று சொல்லவில்லை. பைகாபனேட், குளோரைட், சிறுநீர் பி.எச்., சிறுநீர்ப் பொட்டாசியம் பார்த்தார்களா என்று கேளுங்கள். அதுவும் பைகாபனேட்தானே என்று சோடா மாவைக் கரைத்து நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். பொட்டாசியத்தை ஏற்றாமல் அதைக் கொடுத்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஏழு மாதமும் அம்மாவின் கையில் பலமில்லை, கொழுந்து கிலோ குறைந்தது, குறைந்த நாளெல்லாம் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போட்டார்கள். 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வந்ததும் எங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோக் கணக்கையும் ஏற்றியிருந்தார்கள். காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில், எல்லார் முன்னாலும், சோம்பேறி என்றார்கள். பொட்டாசியம் 1.9 என்ற துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அது என்ன என்று கேட்டார்கள்.

இப்போது பொட்டாசியம் சிட்ரேட் குடிக்கிறார், ஒரு வருசமாக விழவில்லை. ரொட்டியை மட்டும் இன்னும் தேத்தண்ணியில் நனைத்துத்தான் சாப்பிடுகிறார், அந்த மருந்து அதற்கு இல்லை.