கெண்டைக்கால் வீக்கத்தை நீவி விடாதீர்கள்

கேள்வி: வயது 44. மூன்று வாரத்துக்கு முன் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. அதிலிருந்து பெரும்பாலும் படுக்கைதான். விரல்கள் சில்லென்று இருக்கின்றன. காலை மடக்கி உட்கார்ந்தால் மரத்துப்போகிறது. மணிக்கட்டில் நீல நரம்புகள் தெரிகின்றன. சில நேரம் இதயம் ஒரு துடிப்பை விட்டுவிடுகிறது. நாலு நாளாக இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது, நீவி விடுகிறேன். ரத்தம் கெட்டியானால் இப்படி வரும் என்று இணையத்தில் படித்ததால் தினமும் ஆஸ்பிரின் போடுகிறேன். இதயம் பலவீனமாகி, ரத்தம் சரியாக ஓடவில்லையோ?

பதில்: இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதயத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்த இடது கால். நீவுவதை இந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள்.

இதயம் ரத்தத்தைக் கால்வரை தள்ளிவிடும். கீழே போனதை மேலே ஏற்றுவதில் பாதி வேலை கெண்டைக்கால் தசையுடையது. நடக்கும்போது அந்தத் தசை இறுகி, ஆழத்தில் இருக்கும் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை, பிழிகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தைத் திரும்பக் கீழே இறங்க விடாது. படுத்தே இருந்தால் பிழிய ஆள் இல்லை, ரத்தம் தேங்குகிறது. போதாததற்கு, ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்கு ரத்தம் உறையும் தன்மையும் கூடியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஆழ்சிரையில் ரத்தம் கட்டியாக உறையலாம். ரத்தம் உள்ளே வர வழி இருக்கிறது, வெளியேற வழி அடைபட்டிருக்கிறது, அதனால்தான் வீக்கம். இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருந்தால் பொதுவாக இரண்டு காலும் வீங்கும். ஒரு கால் மட்டும் வீங்கினால் கோளாறை அந்தக் காலிலேயே தேட வேண்டும்.

கட்டி காலிலேயே கிடந்தால் நான் இவ்வளவு அவசரப்படுத்த மாட்டேன். காலிலிருந்து இதயத்துக்கு வரும் பாதையை நினைத்துப் பாருங்கள்: சிறு சிரை, பெரிய சிரை, அதைவிடப் பெரிய பெருஞ்சிரை, பிறகு இதயத்தின் வலது பக்கம். குழாய் போகப் போக அகலமாகிறது. நீவும்போது கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு கிளம்பினால், அதை வழியில் தடுக்க எதுவுமே இல்லை. வலது பக்கம் அதை நுரையீரலுக்குத் தள்ளும். அங்கே குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து, சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் அளவுக்குக் குறுகிவிடும். துண்டு சிக்குவது அங்கேதான். பெரிதாக இருந்தால் உயிரே போகலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இல்லையென்றாலும், ஒலி அலைகளால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனை இன்றே எடுத்தாக வேண்டும். வலி தராத, கதிர்வீச்சு இல்லாத பரிசோதனை அது. கட்டி இருந்தால் உறைதலைத் தடுக்கும் ஊசியோ மாத்திரையோ, பெரும்பாலும் குறைந்தது மூன்று மாதம். அந்த மருந்து கட்டியைக் கரைக்காது, வளரவிடாமல் தடுக்கும். கரைக்கிற வேலையை உடம்பு மெதுவாகப் பார்த்துக்கொள்ளும்.

ஆஸ்பிரின் விஷயத்தில் எனக்குக் கோபம்தான். ஆழ்சிரைக் கட்டிக்கு அது சிகிச்சையே இல்லை. வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும், அதுவும் ஆபரேஷன் முடிந்து மூன்றே வாரத்தில்! இதய நோய்க்காக மருத்துவர் எழுதிக்கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், நான் திட்டுவது உங்களை இல்லை. சில்லென்ற விரலையும் மரத்த காலையும் வைத்து ரத்தம் கெட்டியா இல்லையா என்று சொல்ல யாராலும் முடியாது.

சரி, மற்றவை. காலை மடக்கினால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். விரல் சில்லிடுவது, உடம்பு சூட்டைக் காக்கத் தோலின் குழாய்களைச் சுருக்குவதால். துடிப்பு விட்டுப்போவதாகத் தோன்றுவது பெரும்பாலும் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, அடுத்தது சற்றுத் தாமதமாவது. மயக்கமோ மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வராதவரை பொதுவாகக் கவலை வேண்டாம். மணிக்கட்டில் தெரிவது நரம்பே இல்லை, சிரை. உள்ளே ஓடுவது நீல ரத்தமும் இல்லை, கருஞ்சிவப்பு. தோல் வழியே பார்ப்பதால் நீலமாகத் தெரிகிறது. 1628-ல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, ரத்தம் சுற்றிவருகிறது என்று நிரூபிக்கக் கையில் கட்டுப் போட்டுக் காட்டியதும் இப்படிப்பட்ட கோடுகளைத்தான். சிரையில் ஓடும் ரத்தத்தை ‘அசுத்த ரத்தம்’ என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள், அது அசுத்தம் இல்லை. சும்மா இருக்கும்போது திரும்பி வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆக்சிஜன் மிச்சமிருக்கும்.

நீங்கள் சொன்ன எதிலும் இதயம் பலவீனமானதற்கான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. ஓய்வில் அது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. உடம்பில் இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டையும் ஆஸ்பிரின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை நாளாக, எத்தனை மில்லிகிராம் சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த மருந்தின் அளவை முடிவு செய்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.