கேட்பது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் சமயத்தார் நடத்தும் பள்ளியொன்றின் உதவித்தொகைக் குழுவில் மூன்றாண்டுகளாக இருக்கிறேன். கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகளுக்காக நிதி திரட்டுவது எங்கள் பணி. ஒவ்வொரு கூட்டத்திலும் மூத்த உறுப்பினர் ஒருவர், “தேவையானதை ஆண்டவன் தருவான், ஆள் ஆளாகப் போய்க் கேட்பது நம்பிக்கைக் குறைவு” என்கிறார். அதை மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. சென்ற ஆண்டு நாங்கள் சேர்த்த மாணவர்களில் இருவர், அடுத்த ஆண்டுக்கு நிதி கிடைக்காமல் விலகிவிட்டார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் கேட்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூத்த உறுப்பினரின் சொல்லை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். அவர் சொல்லும் வழியில் நடந்து வென்றும் காட்டிய ஒருவர் இருந்திருக்கிறார். 1805இல் பிரஷ்யாவில் பிறந்து இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த ஜார்ஜ் முல்லர், பணத்துக்காக எந்த மனிதரிடமும் கேட்பதில்லை, இறைவனிடம் மட்டுமே கேட்பது என்று உறுதி பூண்டு, தம் வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆதரவற்ற குழந்தைகளைப் பராமரித்தார். 1834இல் அவர் தொடங்கிய அமைப்பு கிறித்தவப் பள்ளிகளுக்கும் உதவியது. ஆனால் அவரை எடுத்துக்காட்டுகிறவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். வந்த நன்கொடைகளுக்கெல்லாம் அவர் துல்லியமாகக் கணக்கு எழுதினார், ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டு வெளியிட்டார், கடன் வாங்க மறுத்தார். அந்த அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு அவர் கேட்காமலேயே கேட்டதுபோல ஆகியிருக்கும் என்பது என் எண்ணம். உங்கள் உறுப்பினர் அவர் வழியை விரும்பினால் தாராளமாக விரும்பட்டும், கூடவே கணக்கேட்டையும் கையில் எடுத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் கேட்கலாமா என்று கேட்கிறீர்கள். எனக்குத் தோன்றும் கேள்வி வேறு. குழு கேட்கக் கூசினால், அந்த வேலை பிள்ளையின் தகப்பன் தலையில் விழுகிறது. அவர் அலுவலக வாசலில் நின்று, தம் வருமானத்தையும் கடனையும் வீட்டிலுள்ள நோயாளியையும் எழுத்தரிடம் விவரிக்க வேண்டியிருக்கிறது, சில வேளைகளில் அந்தப் பிள்ளையும் பக்கத்தில் நிற்கிறது. பிச்சை எடுத்தாவது கற்க வேண்டும் என்று நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்திருக்கிறோம். கல்வியின் அருமையைச் சொல்ல அது நல்ல வரிதான், ஆனால் அதில் கையேந்துகிறவன் மாணவன் என்பதை அந்த வயதில் யாரும் நமக்குச் சுட்டிக்காட்டவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தபோது, ஒருவனைத் தன் காலில் நிற்கவைக்கும் உதவியை எல்லாவற்றுக்கும் மேலான படியிலும், கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாத ஈகையை அதற்கு அடுத்தும் வைத்தார். பள்ளிக் கட்டணத்துக்கான உதவியில் இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முடியும். அதற்குக் குழு நடுவில் நின்று, கேட்பதன் கூச்சத்தைத் தானே ஏற்க வேண்டும். நன்றி விழா நடத்தி மாணவர்களை மேடையேற்றும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அதை நிறுத்திவிடுங்கள்.

விலகிய இருவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு மறு ஆண்டு கைவிடுவது, முதலிலேயே இடமில்லை என்று சொல்வதைவிடக் கடுமையானது. விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்னும் பெயருள்ள ஊரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே வேதக் கல்லூரியில் படித்த 340 மாணவர்களில் இளநிலையினர் 270 பேர், மேல்நிலையினர் 70 பேர், அவரவர்க்கு நாள்தோறும் எவ்வளவு நெல் என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கல்வி எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் பக்தியோடு கொடுத்தவர்கள் தலையை எண்ணி, படியளவை வகுத்து, அதற்கேற்ற வருவாயை ஒதுக்கிய பிறகே கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் குழுவுக்கும் அந்தக் கணக்கு வேண்டும். நான்கு விழுக்காடு வட்டி வரும் வைப்புநிதியிலிருந்து ஒரு மாணவனின் கட்டணத்தை ஆண்டுதோறும் கொடுக்க, அக்கட்டணத்தைப் போல் 25 மடங்கு தொகை முதலாக இருக்க வேண்டும். கட்டணம் உயர்ந்தால் அதுவும் போதாது. அவ்வளவு முதல் இல்லாதவர்கள், படிப்பு முடியும் வரைக்கும் வாக்குக் கொடுக்கும் நன்கொடையாளர்களைத் தேட வேண்டும். பத்துப் பேருக்கு ஓராண்டு கொடுப்பதற்குப் பதிலாக, மூன்று பேரைக் கடைசி வகுப்பு வரை கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

இன்னொன்று. சமய விதிப்படி தரப்படும் பணத்தைப் பொது நன்கொடையோடு கலக்காதீர்கள். எடுத்துக்காட்டாக, இஸ்லாமியர் சமயக் கடமையாகத் தரும் ஜகாத் யாருக்கெல்லாம் உரியது என்று குர்ஆன் எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. ஏழை மாணவருக்குத் தரலாம் என்பதால் அதைப் பள்ளியின் எல்லாச் செலவுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிடாது. எந்தச் சமயத்தில் இத்தகைய விதி இருந்தாலும் தனிக் கணக்கு வைப்பதே முறை. யார் அதிகப் பக்தியுள்ள பிள்ளை என்று பார்த்துக் கொடுக்கும் ஆசையும் குழுக்களுக்கு வரும். அதற்கு இடம் தந்தால், பிள்ளைகள் உதவிக்காகப் பக்தியை நடிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

விலகிய அந்த இருவரும் இப்போது எங்கே படிக்கிறார்கள், படிக்கிறார்களா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன்பு நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய் விசாரித்து வாருங்கள். முடிந்தால் அந்த மூத்த உறுப்பினரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்