வேனுக்குப் போகிறவருக்கும் அவன் மகன்தான்

கேள்வி: எனக்கு வயது 57. காங்கேயம் பக்கம் தோட்டம். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் ஒரே மகன் பைக்கில் போகும்போது அடிபட்டு, கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து இறந்துவிட்டான். 24 வயது. அதற்கப்புறம் எதிலும் பிடிப்பு இல்லை. மயிலை ஒன்று, செவலை ஒன்று, இரண்டு மாட்டையும் கண்ணபுரம் சந்தையில் கொடுத்துவிட்டேன். கட்டுத்தரை காலியாகக் கிடக்கிறது. மாடு மேய்கிற கொறங்காட்டைப் பங்காளிக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. போன தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தேன். ஒரு வாரம் மனசு லேசாக இருந்தது, மறுபடியும் பழையபடிதான். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குழுவில் வாங்கிய கடன் இருப்பதால் வீட்டில் அவள் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். நாலரைக்கு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு ஏழு மணி வேனுக்குப் போனால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் மெயின் ரோட்டில் இறங்குவாள். அங்கிருந்து தோட்டத்துக்கு, இரண்டு பக்கமும் வேலி இருக்கும் இட்டேரித் தடத்தில் ஒரு கிலோமீட்டர். அதனால் எனக்குப் பகல் முழுக்கத் தனிமை. இருந்து என்ன ஆகப் போகிறது என்று தோன்றுகிறது. இத்தனை துக்கத்துக்கு நடுவில் வாழ்க்கைக்கு ஓர் அர்த்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எனக்கு நிறையப் பேர் எழுதுகிறார்கள். எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வருகிறார்கள். இதற்கு வழக்கமாகச் சொல்லும் ஆறுதலை எல்லாம் கேதம் கேட்க வந்த ஒறம்பரைச் சொந்தங்களே உங்களுக்குச் சொல்லி முடித்திருப்பார்கள். நான் வேறு எதற்கு?

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் ஒன்று உண்டு. "அதனால் எனக்குப் பகல் முழுக்கத் தனிமை."

ஏனுங்கண்ணா, செத்தது யாருடைய மகன்?

அந்த அம்மிணி வேனுக்குப் போவதை உங்கள் கஷ்டங்களில் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். மாடு போயிற்று, காடு போயிற்று, அவளும் பகலில் வீட்டில் இல்லை என்று. ஏழு மணிக்குப் போய் ஒன்பதரைக்கு வருகிறார் என்றால் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். அந்த வயதில் புதிதாகப் போகிறவரை யாரும் தையல் மெஷினில் உட்கார வைக்க மாட்டார்கள். பிசிறு வெட்டுவது, செக்கிங், மடித்து அடுக்குவது, இவ்வளவுதான் கிடைக்கும். ட்யூப்லைட்டுக்குக் கீழே மேஜையோரம் நின்றுகொண்டே, ஒவ்வொரு உருப்படியாக உள்ளே வெளியே திருப்பி, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையில் வருவது பெரும்பாலும் இளவட்டப் பசங்கள் போடுகிற டி-சர்ட். 24 வயதுப் பையனைத் தொலைத்தவர், அந்த அளவுச் சட்டையை நாள் பூராவும் விரித்து மடிக்கிறார். இதை நீங்கள் ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தீர்களா?

"அவள் வேலைக்குப் போய் மறந்துவிடுகிறாள், என்னால்தான் முடியவில்லை" என்று ஆண்கள் சொல்வதை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். நீங்கள் அப்படி எழுதவில்லை, சரி. ஆனால் விற்ற மாட்டின் நிறத்தைக்கூட எழுதத் தெரிந்த உங்களுக்கு, அந்த அம்மிணி எப்படி இருக்கிறார், ராத்திரி தூங்குகிறாரா, மகன் பேச்சை எடுக்கிறாரா என்று ஒரு வார்த்தை எழுதத் தோன்றவில்லையே.

அண்ணன்மார் கதையை, அதுதான் பொன்னர் சங்கர் கதையை, உடுக்கையடித்துப் பாடக் கேட்டிருப்பீர்கள். இரண்டு அண்ணன்களும் படுகளத்தில் விழுந்த பிறகு அவர்களைத் தேடி வீரமலைக் காட்டுக்குள் போனவள் தங்கை. நம் பக்கத்தில் சாவுக்கு அப்புறம் நடக்க வேண்டிய நடையை எல்லாம் பெண்கள் தலையில்தான் கட்டியிருக்கிறோம். ஆம்பளைக்குத் துக்கம் வந்தால் கட்டிலைப் போட்டு உட்காரலாம். பொம்பளைக்கு வந்தால் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அழ வேண்டும். நான் பழைய காலத்து ஆள்தான். குடும்பம், கடமை என்றெல்லாம் பேசுகிறவள்தான். அதனால்தான் சொல்கிறேன்: பெற்ற துக்கம் இருவருக்கும் சரிபாதி என்றால் பட்ட கடனும் சரிபாதி. கட்டினவள் கடன் அடைக்க, கட்டியவர் அர்த்தம் தேடிக்கொண்டு வீட்டில் இருப்பது எந்தக் காலத்து முறை? அவர் நாலரைக்கு எழுந்து ஆக்கி வைத்த சோற்றைத்தானே மத்தியானம் போட்டுச் சாப்பிடுகிறீர்கள்?

பழனிக்கு நடந்த கால் இட்டேரிக்கு நடக்காதா? கிளுவை வேலிக்கு நடுவில், இருட்டில், பூச்சி பொட்டு கிடக்கும் தடத்தில் அந்த அம்மிணி தினமும் தனியாக வருகிறார். நடக்க வேண்டாம், தோட்டத்துக்காரர் வீட்டில் ஒரு எக்ஸெல் வண்டி இல்லாமலா போகும்? இன்றைக்கு ராத்திரி ஒன்பதே காலுக்கு மெயின் ரோட்டில் போய் நில்லுங்கள். இதற்கு மனசு சரியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. "இருந்து என்ன ஆகப் போகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். சாவைப் பற்றிய யோசனை நிஜமாகவே வருகிறது என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் 104-க்கோ 14416-க்கோ கூப்பிடுங்கள். இரண்டும் கட்டணமில்லாத எண்கள், தமிழிலேயே பேசுவார்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பாருங்கள். இரண்டு வருடம் ஆகியும் இப்படி இருப்பதற்கு வைத்தியம் இருக்கிறது. மாட்டுக்கு ஒரு நேரம் தீனி இறங்காவிட்டால் டாக்டரைக் கூப்பிடுகிற ஊர் நம்முடையது. ஆளுக்குப் பார்க்க மட்டும் என்ன வெட்கம்?

அர்த்தம் கேட்டீர்கள். என்னிடம் அர்த்தம் இல்லை, ஒரு கணக்குதான் இருக்கிறது. அந்த ஒன்றரை ஷிப்டில் இருக்கும் அரை ஷிப்டை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்தரையோடு அவர் கிளம்புகிற மாதிரி, அந்த அரை ஷிப்ட் சம்பளத்தை நீங்கள் சம்பாதித்துக் கொடுங்கள். வேலையை விட்டுவிடச் சொல்லாதீர்கள். வேனில் கூட வரும் பெண்களிடம் பேசுகிற பேச்சுதான் அவருக்கு இருக்கும் ஒரே ஆறுதலோ என்னவோ, அதைப் பிடுங்க வேண்டாம். ஐந்தரைக்கு வேன் இல்லை என்றால் திருப்பூரிலிருந்து காங்கேயத்துக்குப் பஸ் இருக்கிறது, அங்கே போய்க் கூட்டி வாருங்கள்.

பணத்துக்கு வழி உங்கள் கடிதத்திலேயே கிடக்கிறது. கட்டுத்தரை காலி. குத்தகைப் பணம் வந்திருக்கும். மறுபடியும் காங்கேயம் மாட்டையே பிடிக்கப் போகாதீர்கள். அதன் அழகு எனக்கும் தெரியும், கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் கறவை இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் போகாது, அதை வைத்துக் கடன் அடையாது. பால் சொசைட்டிக்கு ஊற்றுகிற மாதிரி கலப்பினப் பசு ஒன்று பிடியுங்கள். காலையும் மாலையும் கறக்க வேண்டும், சோளத்தட்டு நறுக்கிப் போட வேண்டும், சாணி அள்ள வேண்டும். பகல் முழுக்கத் தனிமை என்று சொல்ல நேரம் இருக்காது. குத்தகை முடிகிறபோது கொறங்காட்டைத் திரும்பக் கேளுங்கள்.

ஆனால் சந்தைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மிணி வீட்டில் இருப்பார். அன்றைக்குச் சோறு நீங்கள் ஆக்குங்கள். அவர் சாப்பிட்டு முடித்ததும் குழுப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, மொத்தம் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று அவர் சொல்லச் சொல்ல உங்கள் கையால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் பையன் பேச்சு வரும். வந்தால் எழுந்து வெளியே போய்விடாதீர்கள்.