ஹர்லிங், கமோகி ஆட்டங்களுக்கு நடுவராகப் பழகுவது எப்படி?

ஹர்லிங் என்பது மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஐரிஷ் ஆட்டம், கமோகி அதன் பெண்கள் வடிவம். அயர்லாந்தில் இவற்றுக்கு நடுவராக வழி உள்ளூர் கிளப்தான். அங்கே பெயர் கொடுத்தால் கவுண்டி (மாவட்டம் போன்றது) அளவில் பயிற்சி வகுப்பு, விதிகளில் தேர்வு. தொடக்கத்தில் சிறுவர், சிறுமியர் ஆட்டங்கள்தான் கிடைக்கும், அதுவே நல்லது.

விதிகளைப் படித்துவிடலாம், கண்ணைப் பழக்குவதுதான் பெரும்பாடு. ஹர்லிங்கில் பந்தைக் கையில் பிடித்தபடி நான்கு எட்டுக்கு மேல் எடுத்து வைத்தால் ஃபவுல். நீங்கள் எண்ணி முடிப்பதற்குள் பந்து எதிர்முனைக்குப் போயிருக்கும்! அதைவிடத் தொல்லை, கையால் பாஸ் கொடுப்பது. கை பந்தை அடித்தது தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அது எறிதல், எதிரணிக்கு ஃப்ரீ (தடையில்லாமல் பந்தை அடிக்கும் வாய்ப்பு) கொடுக்க வேண்டும். அனுபவசாலிகளே இதில் திட்டு வாங்குகிறார்கள். பின்னால் ஓடினால் ஆட்டக்காரரின் உடம்பே மறைத்துவிடும், பக்கவாட்டில் நில்லுங்கள். ஃபவுல் நடந்தவுடன் விசிலை ஊதிவிடவும் வேண்டாம். பாதிக்கப்பட்ட அணிக்கு ஆட்டம் சாதகமாகப் போகிறதா என்று 5 விநாடி வரை பொறுக்கலாம்.

கோல் கம்பங்களருகே நடுவருக்கு உதவியாக வெள்ளைக் கோட்டு போட்ட நான்கு பேர் நிற்பார்கள். கோலுக்குப் பச்சைக் கொடி காட்டுவார்கள் (3 புள்ளி), பந்து கோலின் குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் வெள்ளை (1 புள்ளி). கிளப் ஆட்டங்களில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் நடுவரே தன் நண்பர்களையோ உறவினர்களையோ கூட்டி வருவார்.

1904இல் தொடங்கிய கமோகிச் சங்கத்துக்குத் தனி விதிப்புத்தகம் உண்டு. பந்தும் சற்றுச் சிறியது. ஹர்லிங் தெரியும் என்ற தைரியத்தில் மட்டும் இறங்காதீர்கள்.