அர்பாரோ: எஸ்பெராண்டோவில் காடு – கேள்வி பதில்

கேள்வி: எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் காட்டுக்கு என்ன சொல்?

அர்பாரோ. 'அர்ப்' மரம், 'ஆர்' கூட்டம், 'ஓ' பெயர்ச்சொல் விகுதி. அழுத்தம் 'பா'வில். 'மார்பு' என்பதில் வரும் 'ப'தான் இங்கும்.

கேள்வி: சிறு காடு அர்பரேட்டோவா, அர்பெட்டாரோவா?

நல்ல கேள்வி. 'எட்' சிறுமை காட்டும் விகுதி. தனக்கு முன்னால் நிற்பதை மட்டுமே அது சுருக்கும். அர்பரேட்டோவில் 'கூட்டம்' முன்னால் வந்துவிட்டதால் காடு சிறுத்துத் தோப்பாகிறது. மரங்கள் வானளாவ நிற்கலாம். அர்பெட்டாரோவில் முதலில் மரமே குட்டையாகிறது, பிறகுதான் கூட்டம் சேர்கிறது. அந்தப் புதர்க்காடு கண்ணுக்கெட்டிய தூரம் பரந்தும் கிடக்கலாம். சொல்லை இடமிருந்து பிரித்துப் பாருங்கள், குத்துமதிப்பாகப் படிக்காதீர்கள்.

கேள்வி: குறைந்தது எத்தனை மரம் வேண்டும்?

கணக்கு கிடையாது.

கேள்வி: ஆங்கிலத்தில் ஃபாரஸ்ட் என்பதால், 'காட்டில் தொலைந்தேன்' என்று சொல்லக் காட்டுக்கு 'ஃபோரெஸ்டோ' என்று எழுதினேன். சரியா?

பிரித்துப் பார்த்தீர்களா? 'ஃபோர்' அகன்று, 'எஸ்ட்' இருத்தல். ஃபோரெஸ்டோ என்றால் வராமை, இல்லாமை. 'காட்டில் தொலைந்தேன்' என்பதற்கு 'இல்லாமையில் தொலைந்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். வேடிக்கை என்னவென்றால், 1907இல் எஸ்பெராண்டோவைத் திருத்திப் பிறந்த இடோ மொழியில் அதே சொல்லுக்குக் காடு என்றுதான் பொருள்.

கேள்வி: 'ஆர்' கூட்டம் என்றால் வாசலில் நிற்கும் ஐந்து மரமும் அர்பாரோதானே?

இல்லை. சாமென்ஹோஃப் உருவாக்கி 1887இல் வெளியிட்ட எஸ்பெராண்டோவுக்கு 1905இல் அடிப்படை நூலாக ஏற்கப்பட்ட 'ஃபுண்டமெண்டோ'விலேயே அர்பார் என்பதற்கு நேராகக் காடு என்று இருக்கிறது. பக்கத்தில் ஷ்டுபார்: படி, கூட்டம், ஆக படிக்கட்டு. குவித்துப் போட்ட படிக்கற்கள் படிக்கட்டாகுமா? உங்கள் ஐந்து மரம் 'ஆரோ டா அர்போய்'.

கேள்வி (அவரே): அப்படியானால் 'உறுப்புகளைக் கூட்டினால் பொருள் வரும்' என்பது ஏமாற்றுத்தானே?

பாதி உண்மை. கூட்டினால் ஊகம் கிடைக்கும். அதை வழக்குதான் உறுதிப்படுத்தும். வோர்ட்டாரோ, அதாவது சொற்கூட்டம், அகராதியானதும் அப்படித்தான்.

கேள்வி: நடுவில் வருகிறேன். தமிழில் மரமே இல்லாமல் வெள்ளக்காடு என்கிறோமே?

அதை அர்பாரோ என்று பெயர்த்தால் படிப்பவர் தண்ணீருக்குள் மரம் தேடுவார். 'இனுண்டோ', வெள்ளம், என்று எழுதுங்கள்.

கேள்வி: ஸ்டார் ட்ரெக் படங்களுக்காக உருவாக்கிய கிளிங்கான் மொழியில் காட்டுக்கு என்ன சொல்?

ங்கெம். அதற்குமேல் அந்த மொழிக்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: எத்தனை மரம் இருந்தால் அர்பாரோ?

மேலே பாருங்கள்.

கேள்வி: பத்து இருந்தால்?

மேலே!

கேள்வி: சரி, ஒரே ஒரு மரம்?

அர்போ.