தமிழ் வழியில் படிக்கும் என் மகன் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர எப்படித் தயாராக வேண்டும்?

மகன் பதினோராம் வகுப்பு என்றும், நல்ல பயிற்சி மையம் ஒன்றின் பெயர் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மையத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. காரணம் கீழே வருகிறது.

நான் அதிகாரி ஆனவன் இல்லை. "உள்ளே போகாதவன் எதற்கு வழி சொல்கிறான்" என்று பின்னூட்டத்தில் எழுதக் காத்திருப்பவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்படைகளுக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் நேர்காணலுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை தோற்றேன், மறுமுறை தேறினேன். இடையில் இருந்தது ஆறேழு மாதம்தான். அதற்குள் நான் அறிவாளியாகிவிடவில்லை. ஒரு படிவத்தை வேறு மாதிரி நிரப்பினேன், அவ்வளவே.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக: யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. கணிதம் 300, பொதுத்திறன் 600, அதைத் தாண்டினால் எஸ்.எஸ்.பி. 900. ஆகக் கூட்டினால் 1800. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும், தமிழில் கிடையாது. பொதுத்திறனில் ஆங்கிலத்துக்கு மட்டும் 200. உங்கள் மகனுக்கு இடிக்கப்போவது இங்கேதான், கணிதத்தில் அல்ல. இப்போதிருந்தே தினமும் ஓர் ஆங்கிலச் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டில் கேலி செய்யாமல் இருந்தால் போதும். விமானப்படை, கடற்படை வேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் இருக்க வேண்டும்.

இனி என் கதை. எழுத்துத் தேர்வில் தேறியதும் ஊரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அங்கே நாற்பது பேர். எஸ்.எஸ்.பி.யில் நாமே நம்மைப் பற்றி எழுதிக் கொடுக்கும் ஒரு தகவல் படிவம் உண்டு. பெற்றோர் தொழில், வருமானம், விளையாட்டு, பொழுதுபோக்கு, ஏற்ற பொறுப்புகள் எல்லாம் அதில் வரும். நேர்காணல் அதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். எங்கள் மையத்தில் அதற்கு ஒரு மாதிரித் தாளே வைத்திருந்தார்கள். பொழுதுபோக்கு: மலையேற்றம், வாசிப்பு. நாற்பது பேரும் மலையேறினோம், தாளில்.

அப்பாவுக்குச் சைக்கிள் கடை. கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி. "தந்தை தொழில்: வணிகம்" என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். வருமானத்தையும் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.

பெங்களூரில் எஸ்.எஸ்.பி.யின் முதல் நாள் ஸ்கிரீனிங். மங்கலான ஒரு படத்தை அரை நிமிடம் காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். பிறகு குழுவாகப் பேச வேண்டும். அதில் தப்பித்தேன். உளவியல் தேர்வில் அறுபது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து விநாடிக்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அதையும் எப்படியோ ஒப்பேற்றினேன். அடுத்தது நேர்காணல்.

"என்ன வணிகம்?" என்றார் அதிகாரி. சைக்கிள் என்றேன். "எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" இரண்டு பேர் என்றேன். "ஒருவர் அப்பா. இன்னொருவர்?"

"நான்தான், சார்."

அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பள்ளி விட்டதும் தினமும் கடையில் இருக்கிறாயா, எந்த வயதிலிருந்து, கடன் கணக்கு யார் பார்ப்பது என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கடைசியில், "இதில் ஒரு வரிகூட இங்கே இல்லையே, ஏன்?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டார். வாயைத் திறக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் என் எண்ணைக் கூப்பிடவில்லை.

அடுத்த முறை மையத்தின் பக்கம் போகவில்லை. சைக்கிள் கடை, என் வேலை நேரம், உண்மையான வருமானம் எல்லாவற்றையும் எழுதினேன். பொழுதுபோக்கு என்று எதுவும் பெரிதாக இல்லாததால் கபடி பார்ப்பது என்று எழுதினேன். ஆடுவது என்று எழுதவில்லை. இம்முறை வேறு அதிகாரி. ரிம்மில் கோட்டம் எடுப்பது எப்படி என்று கேட்டார். கோட்டத்துக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் "வீல் இஸ் டான்சிங், சார்" என்றேன். சிரித்துவிட்டார். எந்தப் பக்கக் கம்பியை இறுக்க வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்று மேசையில் விரலால் வரைந்து காட்டினேன். இருபது நிமிடம் சைக்கிளிலேயே போயிற்று. குழுப் பணியில் பலகையையும் கட்டையையும் கயிற்றால் பிணைக்கும் வேலை வந்தபோது, கேரியரில் மூட்டை கட்டிப் பழகிய கை தானாகப் போனது. தனித் தடைகள் பத்து, மூன்று நிமிடம். நான் ஆறுதான் தாண்டினேன். அதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை. ஐந்தாம் நாள் என் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. இறுதித் தகுதிப் பட்டியலில் என் பெயர் இல்லை. எஸ்.எஸ்.பி.யில் தேறினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்த்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். ஆங்கிலம் என்னைக் கீழே இழுத்தது. அதற்குள் வயதும் கடந்துவிட்டது. பட்டப்படிப்புக்குப் பிறகு, பட்டதாரிகள் படை அதிகாரியாகச் சேர்வதற்கான சி.டி.எஸ். தேர்வை எழுதியிருக்கலாமே என்பீர்கள். அப்போது அப்பாவுக்கு உடம்பு சரியில்லை.

பயிற்சி மையங்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தேவையானால் அனுப்புங்கள். ஆனால் நான் தேறிய செய்தி வந்த வாரமே, அந்த மையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் படத்தைப் பெரிய பலகையில் போட்டு "எங்கள் மாணவர்" என்று எழுதியது. இரண்டாம் முறைக்காக நான் கட்டி, பிறகு போகாமல் விட்ட முன்பணத்தைக் கேட்கப் போனபோது, ரசீது இல்லாமல் முடியாது என்றார்கள். பலகையில் என் முகத்தைப் போட ரசீது தேவைப்படவில்லை. பட்டியல் வந்த பிறகும் நான்கு மாதம் அந்தப் பலகை அங்கேயே இருந்தது. கடைக்குப் பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்பார்கள். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே, இன்னும் தேதி வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.